விளக்கைப் போட்டது யார்?

ஜனவரி 12

அக்காவுக்கு,

உன் தங்கை எலிதான் எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லை, கண் மட்டும் சாயங்காலமானால் எரிகிறது. நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதில் அச்சுப்பிழை தேடுகிற வேலையில் வேறென்ன கிடைக்கும்? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? குட்டி அந்த ஆடுகிற பல்லைப் பிடுங்கவிட்டாளா? அப்பாவுக்கு வலது கை கொஞ்சமாவது அசைகிறதா?

வீட்டுக்கு எழுதாமல் நீ வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனிலும் சொல்ல முடியாது. போன் ஹாலில், அப்பாவின் கட்டில் தலைமாட்டில் இருக்கிறது. பக்கவாதம் வந்து பேச்சு குழறினாலும் காது இரண்டும் பாம்புக் காது என்று நீதானே சொன்னாய்.

விஷயம் இதுதான். நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். அச்சாகிப் பத்து நாள் ஆகிறது. என் பெயரில் இல்லை, ஓர் ஆண் பெயரில். பதிப்பாளருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், இப்போது உனக்கும். கதையில் வருகிற அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்தவர் இல்லை, கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர். இருட்டறை கிடையாது, கடைக்குப் பின்னால் ஒரு சாமான் அறை, அதற்கு ஒரு பெரிய பூட்டு. இரண்டு பெண்கள். எதற்கெடுத்தாலும் பெரியவளை அந்த அறையில் போட்டுப் பூட்டுவார்.

எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன் அக்கா. நம் வீடு என்று ஒருவராலும் சொல்ல முடியாது. உன்னைக் கேட்காமல் எழுதினேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், அதனால்தான் கேட்கவில்லை. ஒரு பிரதி தனியாக வருகிறது. வீட்டுக்கு மட்டும் கொண்டுபோகாதே.

திட்டுவதாக இருந்தால் சீக்கிரம் திட்டிவிடு.

உன் எலி

ஜனவரி 30

எலிக்கு அக்கா எழுதிக்கொண்டது,

கண் எரிந்தால் குளிர்ந்த தண்ணீரில் கழுவு. அப்புறமும் எரிந்தால் பவர் ஏறிவிட்டது என்று அர்த்தம். டாக்டரிடம் சீட்டு வாங்கி அனுப்பு, லென்ஸ் நானே தேய்த்துத் தருகிறேன். இங்கே அப்பாவைத் தவிர எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். குட்டியின் பல் தானாக விழுந்துவிட்டது. அதை டப்பாவில் போட்டு வைத்து, அவளுடைய அப்பா கப்பலிலிருந்து வந்ததும் காட்டவேண்டுமாம். அவர் வருவதற்குள் இன்னும் நாலு பல் சேர்ந்துவிடும்.

பார்சல் வந்தது. முதலாளி, "என்னம்மா அது, கனமா இருக்கு?" என்று கேட்டார். "என் தங்கச்சி சமையல் புத்தகம் அனுப்பியிருக்கா" என்று சொல்லிவிட்டேன். நீ சமைக்கிற லட்சணத்துக்கு அவர் நம்பியது பெரிய விஷயம். அது சரி, உனக்கு எப்போதடி மீசை முளைத்தது? சொல்லவே இல்லையே.

படிக்க நேரமில்லை. லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். கடையில் எல்லாவற்றின் மேலும் படிகிற வெள்ளைத் தூள் அதன்மேலும் படிந்துகொண்டிருக்கிறது.

எதற்கு உன்னைத் திட்ட வேண்டும்? எழுதியாகிவிட்டது, அச்சாகியும் விட்டது. ஒன்று மட்டும் சொல். கதையில் சின்னவளுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறாய்?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 21

அக்காவுக்கு,

முதலில் உடம்பு விசாரிப்பு. முதுகுக்கு வாங்கிய பட்டையைக் கட்டிக்கொள்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

புத்தகம் விற்கிறது. எனக்கே நம்ப முடியவில்லை. பதிப்பகத்தில் வாராவாரம் வாசகர் கடிதங்களைப் பழுப்பு உறையில் போட்டு அனுப்புகிறார்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், "எழுபத்தெட்டாம் பக்கத்தில் கடிகாரம் நான்கு அடிக்கிறது, எண்பதாம் பக்கத்தில் மூன்று அடிக்கிறது. மற்றபடி பயங்கரம்" என்று எழுதியிருக்கிறார். பிழை திருத்துகிறவள் புத்தகத்திலேயே பிழை, மானம் போச்சு. ஓர் அம்மா, முடித்த பிறகு புத்தகத்தை வீட்டுக்குள் வைக்கவே பிடிக்காமல் மொட்டைமாடியில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதற்கடியில் வைத்திருக்கிறாராம். ஒரு லாரி டிரைவர் கடிகாரக்காரன் விலாசம் கேட்கிறார். "ரெண்டு தட்டு தட்டிட்டு வந்துடறேன் சார், ஊர் பேரு மட்டும் சொல்லுங்க" என்று. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சின்னவளைக் கேட்டிருந்தாய். அவள் ஆணியில் தொங்கும் சாவியைத் திருடி, பூட்டைத் திறந்து அக்காவை வெளியே கொண்டுவருகிறாள். பாதிப் பேர் அவளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். என் மகளாக நினைத்து அழுதேன், அவளைப் போல ஒரு தங்கை எனக்கில்லையே, இப்படி. கதைதானே அக்கா.

இந்த வார உறையில் பெயரில்லாத ஒரு கடிதம் இருந்தது. கோணல்மாணலாக, இடது கையால் எழுதியது போல. ஒரே வரி. "அறைக்கதவு மேல் இருந்த விளக்கை ஏன் எழுதவில்லை?"

புத்தகத்தில் விளக்கே கிடையாது. நம் வீட்டு இருட்டறைக் கதவு மேல்தான் அந்தச் சிவப்பு பல்பு. அது எரிந்தால் உள்ளே படம் கழுவுகிறார்கள், யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் வெளிச்சம் பட்டு அத்தனை படமும் பாழ். எந்த ஸ்டுடியோவிலும் உள்ள வழக்கம்தான். அப்பா உன்னை உள்ளே போட்டு அந்த பல்பை எரியவிட்டுவிட்டு முன்னறையில் பேப்பர் படிப்பார். அம்மா சமையலறையிலிருந்து வந்து நிற்பாள். "படம் ஊறுது, திறக்காத" என்பார். பல்பு எரிகிறதே என்று அம்மாவும் திரும்பிப் போய்விடுவாள். செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அம்மா அப்படித் திரும்பிப் போவது என் கண்ணிலேயே நிற்கிறது.

யார் எழுதியிருப்பார்கள்? உடனே பதில் போடு.

எலி

மார்ச் 8

எலிக்கு,

பயந்தாங்கொள்ளி! கடை என்றால் கதவு மேல் விளக்கு இருக்காதா? எவரோ வேலையற்றவர் எழுதியிருப்பார். இதற்குப் போய்ச் சாப்பிடாமல் கிடக்காதே. எனக்கு முதுகு பரவாயில்லை. பட்டை அலமாரியில் சௌக்கியமாக இருக்கிறது.

அப்பா இடது கையால் ஸ்பூன் பிடிக்கப் பழகிவிட்டார். குட்டி அவருக்குப் பென்சில் கொடுத்து எழுத்து எழுதவைக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பேப்பர் படித்துக்காட்டுகிறாள். நான் கடையிலிருந்து வரும்வரை அவருக்கு அவள்தான் துணை.

போன வாரம் அவர் படுக்கையில் தண்ணீரைக் கொட்டிவிட்டாளாம். "தாத்தா அடிக்கலம்மா, சும்மா பார்த்தாரு" என்றாள். சொல்லும்போது என் புடவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஹாலில் வேண்டாம், அவரை உள் அறைக்கு மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். உன் புத்தகத்தை இன்னும் படிக்கவில்லை. படித்தாயா படித்தாயா என்று நச்சரிக்காதே.

அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

உன் உடம்பு, குட்டி உடம்பு இரண்டையும் பார்த்துக்கொள். இந்தத் தடவை அது சும்மா சம்பிரதாயத்துக்கு எழுதுகிற வார்த்தை இல்லை.

இரண்டாவது கடிதம் வந்துவிட்டது. அதே கோணல் எழுத்து. அப்படியே எழுதுகிறேன். "சாவி, பூட்டு எல்லாம் கதை. ஆறு வயதுக் குழந்தை போய்க் கதவைத் திறக்காது. விளக்கைப் போட்டது யார்?"

அலுவலகத்தில் ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தேன், ஒரு பிழைகூடக் கண்ணில் படவில்லை. அக்கா, விளக்கு இருந்தது தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். அதைப் போட்டது யார் என்பது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். நீ, நான், அப்பா. நீ புத்தகத்தையே திறக்கவில்லை.

அவர் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார் என்று நீயே எழுதினாய். குட்டி அவருக்குப் படித்துக்காட்டுகிறாள் என்றும் எழுதினாய். என்ன படித்துக்காட்டுகிறாள் என்று பார்த்தாயா? உன் பையில் அந்தப் புத்தகம் ஒருநாளாவது வீட்டுக்கு வந்ததா? ஒன்பது வயதுக் குழந்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அறையைப் பற்றி உரக்க வாசிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ராத்திரியெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவளை அவரிடம் தனியாக விடாதே. உன் காலில் விழுகிறேன். பாதி உடம்பு செத்தாலும் அவர் அவர்தான். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்.

ஒரு வரி எழுதினாலும் போதும், உடனே எழுது.

எலி

ஏப்ரல் 17

அக்காவுக்கு,

ஒரு மாதமாகிறது. உனக்கு என்ன ஆச்சு? குட்டிக்கு என்ன ஆச்சு? கடைக்குப் போன் செய்தேன். "அவங்க பத்து நாள் லீவுல இருக்காங்கம்மா, வீட்ல ஏதோ வேலையாம்" என்றார் முதலாளி. வீட்டுக்குச் செய்தேன். யாரோ எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது. ஹலோ ஹலோ என்று கத்தினேன். வைத்துவிட்டார்கள். அது யார் மூச்சு?

மூன்றாவது கடிதமும் வந்துவிட்டது. "விளக்கைப் போட்டுவிட்டு அவள் எங்கே போனாள்?"

அவருக்குப் பதில் சொல்ல மாட்டேன். உனக்குச் சொல்கிறேன். இருபத்தைந்து வருஷத்தில் நாம் இதைப் பேசியதே இல்லை.

நான்தான் போட்டேன். "பாப்பா, லைட்டைப் போடு" என்பார். எட்டாது. ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறிப் போடுவேன். "சமர்த்து" என்று கன்னத்தைத் தட்டுவார். அவர் என்னை உள்ளே போட்டதே இல்லை. நான் சமர்த்தாக இருந்ததால்தான் போடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து நீ, "இனிமே செய்ய மாட்டேம்பா" என்று சொல்வது கேட்கும். மூன்று தடவை சொல்வாய், அப்புறம் சொல்ல மாட்டாய். நான் வாசலுக்குப் போய் ஸ்கிப்பிங் ஆடுவேன். நன்றாகவே ஆடுவேன் அக்கா. ஒருநாள் தடுக்காமல் நூறு வரைக்கும் ஆடியிருக்கிறேன்.

கதவு எப்படிப் பூட்டியிருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. பெரிய பூட்டு, எனக்கு எட்டாத உயரம் என்றுதான் மனசில் இருக்கிறது. அதனால்தான் கதையில் சாவியைத் திருடவைத்தேன். நிஜத்தில் செய்யாததைப் புத்தகத்தில் செய்துவிட்டேன். ஊரே அவளைப் பாராட்டுகிறது, எனக்குச் சோறு இறங்கவில்லை.

தயவுசெய்து பதில் எழுது.

எலி

மே 5

எலிக்கு,

எல்லோரும் சௌக்கியம். போன் வயர் பழுதாகியிருந்தது, ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். லீவு போட்டது வீட்டை ஒழுங்கு பண்ண. வேண்டாத சாமான்களைத் தூக்கிப் போட்டேன், ஒட்டடை அடித்தேன், சின்னச் சின்ன மின்சார வேலை. நீ இப்படி ஊரைக் கூட்டாதே.

அப்பாவை உள் அறைக்கு மாற்றிவிட்டேன். அமைதியாக இருக்கிறார். குட்டி இப்போது உள்ளே போவதே இல்லை. போதுமா? அவரால் இனி யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. நீ நிம்மதியாக இரு.

நீ எழுதியதைப் படித்தேன். சின்னப் பிள்ளை நீ, உனக்கு என்ன தெரியும்? ஆணியில் சாவி தொங்குமாம், சின்னவள் ஸ்டூல் போட்டு ஏறி எடுப்பாளாம், அக்கா கையைப் பிடித்து வெளியே கூட்டிவருவாளாம். அப்படியே நடந்ததாக இருக்கட்டுமே. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

நீ அனுப்பிய சீட்டில் இருந்த பவர்படி கண்ணாடி செய்து இத்துடன் அனுப்புகிறேன். இடது கண்ணுக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. படுத்துக்கொண்டு படிக்காதே.

அக்கா

மே 18

அக்காவுக்கு,

கண்ணாடி பொருத்தமாக இருக்கிறது. எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அதனால்தானோ என்னவோ, இன்னொன்றும் தெரிந்துவிட்டது.

சாவியைத் திருடுகிறாள் என்று மட்டும்தான் உனக்கு எழுதினேன். நிஜத்தில் லைட்டைப் போட ஸ்டூல் ஏறியதைச் சொன்னேனே தவிர, கதையில் அவள் சாவிக்காக ஸ்டூல் போட்டு ஏறுகிறாள் என்று எழுதவே இல்லை. அது நூற்றுப்பத்தாம் பக்கத்தில் வருகிறது. நீ படித்திருக்கிறாய்.

அப்புறம் கண்ணாடிப் பெட்டியைப் பிரித்தபோது காகித மடிப்பிலிருந்து வெள்ளைத் தூள் கொட்டியது. விரலால் தேய்த்தால் நறநறவென்றிருந்தது. அந்த மூன்று பெயரில்லாத கடிதங்களையும் எடுத்து உதறினேன். அதே தூள்.

அவர் இல்லை, நீ!

எனக்குக் கோபமே வரவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதேன், அப்புறம் சிரித்தேன். மூன்று மாதமாகத் தெருவில் யாராவது இருமினால்கூடத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியாது, குட்டிக்கு ஆபத்தில்லை, அது போதும். நீ என்னைக் கேட்கலாம், நீதான் கேட்க வேண்டும். நேராகவே கேள். பக்கம் பக்கமாகத் திட்டு, எனக்கு வேண்டியதுதான்.

என்னை மன்னிப்பாயா என்று கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இன்னொன்று, உள் அறை என்றாயே, எந்த அறை? நாம் படுத்துக்கொண்டிருந்த அறையா? அங்கே ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டால் அவருக்கும் காற்று வரும்.

உன் எலி

ஜூன் 2

எலிக்கு,

நான்தான். இடது கையால் எழுதினேன். வலது கையால் எழுதினால் உனக்குத் தெரிந்துவிடுமே என்று மட்டும் இல்லை, வலது கையால் எனக்கு அதைக் கேட்க வரவில்லை.

புத்தகம் வந்த மறுநாளே எடுத்துவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு நாளில் படித்து முடித்தேன். மிச்சமெல்லாம் எனக்குப் பழக்கமானதுதான், பயமாக இல்லை. நூற்றுப்பத்தாம் பக்கத்தில்தான் என்னவோ ஆகிவிட்டது. அவள் திறக்கிறாள். இவள் வெளியே வருகிறாள். வாசகர்கள் அங்கேதான் அழுதார்கள் என்றாய். நான் அங்கே எழுந்து போய் வாந்தி எடுத்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அந்தக் கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி உண்டு. உள்ளே படம் கழுவுகிற ஹைப்போ மருந்து நாற்றம், கையை நீட்டினால் ஆசிட் தட்டு. அதனால் தரையில் படுத்து அந்த இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஸ்டூல் இழுபடும். சிவப்பு வெளிச்சம் வரும். உன் கால் இரண்டும் தெரியும். போய்விட மாட்டாய், கொஞ்ச நேரம் நிற்பாய். ஒவ்வொரு தடவையும் அந்தக் கொஞ்ச நேரத்தில், இதோ திறக்கப்போகிறாள் என்று நினைப்பேன். அப்புறம் கால் போய்விடும். ஸ்கிப்பிங் கயிறு தரையில் அடிக்கிற சத்தம் வரும். அதை எண்ணிக்கொண்டிருப்பேன். நூறு ஆடிய நாள் எனக்கும் நினைவிருக்கிறது.

உன் மேல் கோபமா என்று கேட்டால், ஆமாம். ஆறு வயதுப் பிள்ளை மேல் கோபப்படலாமா? கூடாது. ஆனாலும் ஆமாம்.

புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். அவர் ஸ்பூனைத் தட்டிக் கூப்பிட்டார். தலையணையைச் சரிசெய்யச் சொன்னார். செய்தேன். "சமர்த்து" என்றார். வாய் குழறினாலும் அந்த வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது. முப்பத்தைந்து வயதில் முதல் தடவையாக அதை எனக்குச் சொல்கிறார்.

எந்த அறை என்று கேட்டாய். அமைதியான அறை. இனி உனக்கு வாசகர் கடிதம் வராது. வெயிலால் குட்டிக்குப் பள்ளிக்கூடம் திறப்பதை இந்த மாதக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூன் 14

அன்புள்ள சித்திக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? நீங்க அனுப்பின கலர் பென்சில் வந்துச்சு. ரொம்ப தேங்க்ஸ். எனக்கு இப்போ மூணு பல் இல்லை. அம்மா கடைக்குப் போயிருக்கா. லெட்டர் எழுதினா எதிர்வீட்டு ஆன்ட்டி தபால்ல போடுறேன்னு சொன்னாங்க.

எனக்கு இப்போ வீட்டுல ஒரு வேலை இருக்கு. தாத்தா இப்போ பழைய போட்டோ ரூம்லதான் இருக்காரு. அங்கே ஜன்னல் கிடையாது. கதவுக்கு மேல ஒரு சிவப்பு பல்பு இருக்கு. அது எரியாம இருந்துச்சு, அம்மா லீவு போட்டு ஆள் கூட்டிட்டு வந்து ரிப்பேர் பண்ணிட்டா. அது எரிஞ்சா யாரும் கதவைத் திறக்கக் கூடாது. அம்மா காலையில கடைக்குக் கிளம்பும்போது லைட்டைப் போடணும். அதுதான் என் வேலை. எனக்கு எட்டலை, அதனால அம்மா ஒரு ஸ்டூல் வாங்கித் தந்திருக்கா. போட்டதும் சமர்த்துன்னு சொல்வா.

தாத்தா உள்ளே இருந்து தட்டுவாரு. முதல்ல எனக்குப் பயமா இருந்துச்சு. அம்மாகிட்ட கேட்டேன். படம் கழுவுற சத்தம், நீ போய் விளையாடுன்னு சொன்னா. நான் வாசல்ல போய் ஸ்கிப்பிங் ஆடுவேன். அறுபது வரைக்கும் வருது. இப்போ தாத்தா ஜாஸ்தி தட்டுறது இல்லை.

நீங்க எப்போ வருவீங்க? அம்மா யார்கிட்டயும் பேசமாட்டேங்கறா.

முத்தங்களுடன்
குட்டி

ஜூன் 18

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை இல்லை. ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதைப் படித்துவிடு, அப்புறம் உட்கார்ந்து மிச்சத்தைப் படி.

குட்டியின் கடிதம் நேற்று வந்தது. கிடைத்த ரயிலில் ஏறினேன், வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தேன். பதினொரு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் வாசலில் ஆடிக்கொண்டிருந்தாள். "சித்தி! அம்மா கடைக்குப் போயிருக்கா. உள்ள படம் கழுவுது, திறக்கக் கூடாது" என்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் எனக்கு எதிரில் நின்று பேசுவது போல இருந்தது.

பல்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே சத்தமே இல்லை. நான் கதவுக்கு முன்னால் நின்றேன். பொய் சொல்ல மாட்டேன் அக்கா, கிடக்கட்டுமே என்று எனக்கும் தோன்றியது. நீ கிடந்தாயே, அவர் பேப்பர் படித்தாரே, இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டுமே என்று தோன்றியது. கீழே அந்த இடைவெளியைப் பார்த்தேன். அவருக்கு என் கால் தெரியுமே என்று உறைத்தது. அப்போதுதான் கை எழுந்தது.

திறந்தேன். தரையில், கதவோரமாகப் படுத்திருந்தார். வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, "இனிமே செய்ய மாட்டேன்" என்றார். என்னை நீ என்று நினைத்துக்கொண்டு சொன்னார். குழறிக் குழறி, மூன்று தடவை.

அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். தண்ணீர் வற்றியிருக்கிறது, முதுகெல்லாம் புண், பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். டாக்டர், "யாரு பார்த்துக்கிறீங்க இவரை?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டார். "நாங்க ரெண்டு பொண்ணுங்க" என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். நாளைக்கு என்னவெல்லாம் கேட்பார்களோ தெரியாது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் கேட்டாலும் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் பதில் சொல்வோம். அந்த வீட்டில் நடந்ததில் எனக்குப் பாதி உண்டு.

அவரை மன்னிக்க நான் சொல்லவில்லை. அவருக்காகத் திறக்கவும் இல்லை. குட்டிக்காகத் திறந்தேன். அவள் இருபத்தைந்து வருஷம் கழித்து உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுதக் கூடாது. பல்பைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது துணி எடுக்க வந்தோம். குட்டி என்னோடு இருக்கிறாள். கடைக்குப் போன் செய்யவில்லை, இது போனில் சொல்கிற விஷயமில்லை. நீ படித்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வா. வராமல் எங்காவது போய்விடாதே. நீ வரும்வரை வாசலிலேயே நின்றுகொண்டிருப்பேன். இந்தத் தடவை என் கால் நகராது.

இன்னும் ஒன்று. இதை எழுதாமல் விட்டால் மறுபடியும் கதை எழுதியவளாகிவிடுவேன். அந்தக் கதவில் பூட்டு கிடையாது அக்கா. ஆணியும் இல்லை, சாவியும் இல்லை. ஸ்விட்சுதான் உயரத்தில் இருக்கிறது, அதற்குத்தான் ஸ்டூல் வேண்டும். கதவுக்கு வெளியே ஒரு சின்னத் தாழ்ப்பாள், அவ்வளவுதான். பழைய தாழ்ப்பாள், அப்பா வைத்த அதே இடத்தில், என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. குட்டியை நிற்கவைத்துப் பார்த்தேன், அவளுக்கு மார்பளவுதான் வருகிறது.

அன்றைக்கும் எனக்கு எட்டியிருக்கும்.

உன் எலி